தூளியில் கிடந்த கியர்பாக்ஸ்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நைனா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முழுக்கத் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய். பழவேற்காடு டவுன்காரர். அந்தக் காரை எங்களுக்கு விற்றவர். காருக்குப் பின்னால் நடந்தார். அன்றைக்கு அதுதான் காருக்கு முன்னால். நாய்களையும் பிள்ளைகளையும் குடையால் விலக்கிக்கொண்டே வந்தார்.

சித்தப்பா. நைனாவின் தம்பி. ஏரியிலிருந்து அப்போதுதான் கரை ஏறியவர். இடுப்பில் ஈரத் துண்டு.

சித்தி. சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த மீன் கூடை சாய்ந்து பாதி மீன் மண்ணில் கொட்டியது.

அம்மா. வயிற்றில் மூன்று மாதம். வாசலில் நின்றார். சிரிக்கவில்லை.

நான். ஒன்பது வயசு.

கார் பின்பக்கமாகக் கோட்டைக்குப்பத்துக்குள் வந்தது. டவுனிலிருந்து அப்படியே வந்ததாம். நைனா இறங்கினார். கழுத்து திரும்பினபடியே நின்றுவிட்டது. சித்தி ஓடிவந்து பிடித்துவிட்டார்.

சித்தப்பா காரை ஒரு சுற்று சுற்றினார்.

"இன்னாண்ணா, வண்டிக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"முன்னால போற கியரு எல்லாம் பூட்ச்சிடா. பின்னால போறது மட்டுந்தான் கீது."

"அப்ப திருப்பி வச்சி ஓட்டேன்."

"திருப்பி வச்சித்தான்டா வந்தேன்."

கோட்டைக்குப்பத்தில் என் வயசுக்காரர்களுக்கு அந்தக் காரைத் தெரியும். சாம்பல் நிறம். காரை அப்போது பிளஷர் என்போம். அதன் தலையில் ஏறிக் குதித்து நைனாவிடம் உதை வாங்கினவர்கள் நீங்கள்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

நைனா எதற்குக் கார் வாங்கினார் என்று ஊர் கேட்டது. பவுசுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பவுசுக்கு இல்லை.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பிள்ளை உண்டானது. வலி எடுத்த அன்றைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மாட்டு வண்டியில் பொன்னேரிக்குக் கிளம்பினார்கள். திருப்பாலைவனத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம். அதன் அடியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. விடியும் வரைக்கும் கூட இருக்கவில்லை. நைனா வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போய், வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

அதன் பிறகு நைனா படகை விற்றார். வலையை விற்றார். முன்னே இரண்டு வருஷம் ஐஸ் லாரியில் கிளீனராகப் போய் ஓட்டக் கற்றிருந்தார். பாயிடம் போய்க் காரைக் கேட்டார். அடுத்த பிள்ளைக்கு அம்மா காரில்தான் ஆஸ்பத்திரி போக வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு. நடுவில் இறால் கூடை ஏற்றிக் கொஞ்சம் வாடகை பார்த்தார். நாலு மாசம் ஓடியது. ஆவணியில் கியர்பாக்ஸ் போனது. அம்மாவுக்கு மாசியில் பிள்ளை பிறக்க வேண்டும்.

ஆறு மாசம் இருந்தது.

பொன்னேரியிலிருந்து மெக்கானிக் பஸ்ஸில் வந்தார். ஒல்லியான ஆள். காதில் எப்போதும் பீடித் துண்டு ஒன்று இருக்கும். காருக்கு அடியில் படுத்து ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துக் கியர்பாக்ஸைக் கீழே இறக்கினார். கோணியில் வைத்துத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பு எண்ணெய். அதில் உடைந்த பற்கள், இறால் தலை மாதிரி கிடந்தன.

"ஒரு பல்லு ஒடஞ்சி மத்த எல்லாத்தையும் கடிச்சி வச்சிகீது. ஆறு சக்கரம் மாத்தணும்."

ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு அப்போது அரைப் படகு வாங்கலாம். நைனா தலையை ஆட்டினார். மெக்கானிக் சிகரெட் அட்டையைக் கிழித்து ஆறு சக்கரத்தையும் அதில் எழுதினார்.

"பணத்தை சேத்துட்டு சொல்லி அனுப்பு. அது வரைக்கும் வண்டிய பத்திரமா வச்சிக்கோ. இது உப்புக் காத்து. ஆறு மாசத்துல தகரத்தை தின்னுட்டு பூடும்."

படகு விற்ற பிறகு எங்கள் படகுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. பனை ஓலைக் கூரை. அதற்குள் காரைத் தள்ளினார்கள். மூக்கு ஏரியைப் பார்த்தபடி நின்றது.

பாய் தினம் வந்தார். கார் அவருடைய வாப்பா வாங்கினது. வாப்பா காலத்தில் வீடு நிறையக் கைலி வியாபாரம். இப்போது கடையில் நோட்டுப் புத்தகமும் சோப்பும் விற்றார். காரைப் பார்க்க வருகிறபோது மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு வருவார். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி.

"டயரு தரையில நிக்கக் கூடாது தம்பி. கட்டை குடு."

படகு தள்ளும் உருட்டுக் கட்டைகள் கொட்டகையிலேயே இருந்தன. நாலு பக்கமும் தூக்கி வைத்தார்கள். சக்கரம் நாலும் காற்றில் நின்றது. நான் ஒன்றைச் சுற்றி விட்டேன். வெகு நேரம் சுற்றியது.

"பேட்டரிய கழட்டு. மாசத்துக்கு ஒரு வாட்டி கடைக்கு எடுத்தா, சார்ஜ் போட்டுத் தரேன். சீட்ட வெளிய எடு. எலி கடிக்கும்."

அப்படித்தான் முன் சீட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனது, பின் சீட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. சிவப்பு ரெக்சின். ஒரு மூலையில் பாயின் வாப்பா சுருட்டால் சுட்ட ஓட்டை. அம்மாவுக்கு அதுதான் ஆறு மாசம் ஆசனம். உட்கார்ந்து மீன் ஆய்வார், அரிசி புடைப்பார், தூங்குவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றி நைனா சவரத்துக்கு வைத்துக்கொண்டார். ரப்பர் ஹாரன் எனக்கு. அதை எங்கே தொலைத்தேன் என்று இன்று வரைக்கும் தெரியவில்லை. உங்களில் யாரிடமாவது இருக்கும்.

பாய் சொன்னதெல்லாம் சரி. சித்தப்பாவும் ஒன்று சொன்னார். அங்கேதான் வம்பு.

நாங்கள் மழைக்காலத்தில் படகை ஏற்றி வைத்தால் மீன் எண்ணெய் பூசுவோம். மரத்தை உப்பு தின்னாது. சித்தப்பா ஒரு மதியம் அரை டின் மீன் எண்ணெயோடு வந்தார். பழைய வலையைப் பந்தாகச் சுருட்டி, தோய்த்து, கார் முழுக்கப் பூசினார். கதவு, கூரை, அடிப்பாகம், டிக்கிக்குள், ஒரு இடம் விடவில்லை. நைனா அடியில் படுத்து அவர் பங்குக்குப் பூசினார். சாயங்காலம் பாய் வந்தார். கொட்டகை வாசலிலேயே துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"யா அல்லா! இன்னாப்பா பண்ணி வச்சிகீறீங்க?"

"எண்ணெய் பாய். இனிமே துரு வந்தா என்னைக் கேளு."

"இது எங்க வாப்பா அத்தரு பூசிகினு போன வண்டிடா!"

"வாப்பா கடல் காத்துல ஆறு மாசம் நின்னாரா? வண்டி நிக்குதுல்ல?"

பாய் மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தார். கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஊர்ப் பூனை எல்லாம் கொட்டகைக்குக் குடி வந்தது. கூரையில் மூன்று, பானட்டில் இரண்டு. கதவை நக்கி நக்கி ஓர் இடத்தில் பளபளவென்று ஆக்கிவிட்டன. ஒரு சாம்பல் பூனை டிக்கிக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டது. ஒன்று சொல்ல வேண்டும். ஆறு மாசத்துக்குப் பிறகு அந்தக் காரில் துரு இல்லை.

கியர்பாக்ஸ் வெளியே இருக்கக் கூடாது என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுத் தரை மண். மழை வந்தால் உப்பு ஈரம் கீழிருந்து ஏறும். பாத்திரமே பூத்துப்போகும். எங்கே வைப்பது என்று நைனா இரண்டு நாள் யோசித்தார். பிறகு உத்திரத்தைப் பார்த்தார். என்னைத் தூங்க வைத்த கொக்கி அப்படியே இருந்தது. புளியமரத்தடிப் பிள்ளைக்காக அம்மா கட்டிவைத்த தூளியும் பெட்டியில் இருந்தது. இரட்டைக் கைலியில் தைத்தது. யாரும் படுக்காதது. நைனா அதைக் கேட்டார்.

அம்மா பெட்டியிலிருந்து தூளியை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"தாங்குமா?"

சித்தப்பா வீட்டில் இறால் நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தது. கொண்டுவந்து கியர்பாக்ஸைத் தொங்கவிட்டுப் பார்த்தார். இருபத்தெட்டு கிலோ.

"தாங்கும் அண்ணி. வலைக்கயிறு போட்டு கட்டறேன்."

"கெடக்கட்டும். மாசிக்குள்ள எறக்கிடணும்."

"அதுக்குள்ள வண்டில பூட்டிடுவோம்மே," என்றார் நைனா.

அப்படிக் கியர்பாக்ஸ் தூளியில் படுத்தது. நான் அதற்குக் கீழே படுத்தேன். காற்று அடித்தால் மெதுவாக ஆடும். உள்ளேயிருந்து ஏதோ ஒரு சக்கரம் டிக் என்று தட்டும். சில நாள் எண்ணெய்ச் சொட்டு நெற்றியில் விழும். சித்தி வந்தால் தூளியை ஆட்டிவிட்டு, "இன்னா, மூத்த பையன் பால் குடிச்சானா?" என்பார். அம்மாவும் அதற்கு மட்டும் சிரிப்பார்.

இனி காசு விஷயம்.

ஏரியில் இறால் படும் இடங்களுக்கு எங்கள் ஊரில் முறை உண்டு. பாடு என்போம். இன்றைக்கு அந்த இடத்தில் இவர் வலை கட்டினால் நாளைக்கு அடுத்த வீட்டுக்காரர். சுற்றி வந்து மறுபடி நம் வீட்டுக்கு முறை வரும். விற்க முடியாது. நைனா படகை விற்ற பிறகு எங்கள் வீட்டுப் பாட்டைச் சித்தப்பாதான் கட்டிவந்தார். நைனா போய்க் கேட்கக் கூச்சப்பட்டார். சித்தப்பாவே வந்தார்.

"உன் பாடு உனக்கு. என் படகு, என் வலை. ரெண்டு பேரும் கட்டுவோம். படறதுல பாதி."

ஐப்பசியில் முகத்துவாரம் திறந்துகொண்டது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வந்தது. நல்ல இறால். முதல் பாட்டில் கையில் காசு வந்தது. அம்மா அதை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தார். நைனா எடுத்தார்.

"வச்சா தங்காதுமே."

மறுநாள் பஸ் ஏறி மெட்ராஸ் போனார். பழைய சாமான் விற்கும் இடத்தில் சிகரெட் அட்டையைக் காட்டி ஒரு பல்சக்கரம் வாங்கி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். நகை பார்க்கிற ஆசாரி மாதிரி விளக்கில் தூக்கிப் பார்த்தார். மீன் எண்ணெய் தடவினார். அட்டையில் ஒரு பெயரை அடித்தார்.

வலைக்காரன் புத்தி அது. எங்கள் ஊரில் வலையை முழுசாக வாங்கினவர் யாரும் கிடையாது. ஒரு பாட்டுக்கு ஒரு துண்டு வாங்குவோம். அடுத்த பாட்டுக்கு அடுத்த துண்டு. பழசும் புதுசும், அவன் போட்ட வலையும் இவன் கிழித்த வலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் ஒரே வலை. தண்ணீரில் போட்டால் இறாலுக்கு வித்தியாசம் தெரியாது. காசாக இருந்தால் காய்ச்சலுக்குப் போகும், கல்யாணத்துக்குப் போகும். துண்டாக இருந்தால் இருக்கும். நைனா சக்கரத்தையும் அப்படித்தான் சேர்த்தார். ஒரு பாட்டுக்கு ஒரு சக்கரம்.

கார்த்திகை மழையில் மூன்றாவது சக்கரம் வந்தது. எனக்கு எல்லாம் பெயர் தெரியும். பொட்டு வைத்து அரிசிப் பானை பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

மார்கழியில் அம்மா ஒன்று கேட்டார். நைனா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"பொன்னேரில அக்கா வூடு கீது. தை பொறந்ததும் பஸ்ஸுல போய் அங்கியே இருந்துடறேன். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்."

"எதுக்கு? வண்டி ரெடியாயிடும்."

"ஆவலன்னா?"

"இன்னும் ரெண்டு சக்கரந்தான்மே."

அம்மா மறுபடி கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்கு நைனா சொன்னதுதான் சரியாகப்பட்டது. அக்கா வீட்டுக்குப் போனால் கார் எதற்கு? இப்போது யோசிக்கிறேன். ஒரு பஸ் டிக்கெட்டில் முடிந்திருக்கும். சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை, பாய்க்கும் தோன்றவில்லை. எல்லோரும் காரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தை பாதியில் ஆறாவது சக்கரம் வந்தது. சொல்லி அனுப்பி மெக்கானிக் வந்தார். நைனா ஆறையும் எடுத்துப் பின் சீட்டில் வரிசையாக வைத்தார். பாய் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மெக்கானிக் ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பீடித் துண்டைக் காதிலிருந்து எடுத்துப் பற்ற வைக்காமல் வாயில் வைத்துக்கொண்டார்.

"எங்க வாங்கினே?"

"பழைய சாமான் கடையில. ஒவ்வொரு வாட்டியும் ஒரு கடை. எல்லாம் இதே வண்டி மாடலு. கேட்டுத்தான் வாங்கினேன்."

மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, கைய நீட்டு." என் ஒரு கையில் ஒரு சக்கரம், மறு கையில் ஒரு சக்கரம். இரண்டையும் சேர்த்துச் சுற்றச் சொன்னார். இரண்டு பல் போனது. மூன்றாவது பல் வழுக்கியது. மறுபடி சுற்றினேன். கரகர என்றது.

"மாடலு ஒண்ணுதான். தேய்மானம் வேற வேற. இது ஒரு வண்டில ஓடினது, இது இன்னொரு வண்டில ஓடினது. ஜோடியா ஓடி, ஜோடியா தேஞ்சிருக்கணும். அப்பத்தான் கடிக்கும்."

"வலை மாதிரி..." என்று நைனா ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

நைனா வெளியே போய்க் கொட்டகையில் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். சீட்டு இல்லாத கார். தகரத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பூனைகள் மேலே படுத்திருந்தன. நான் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நைனா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவை.

உள்ளே அம்மா மெக்கானிக்கிடம் பேசினார். அம்மா வெளி ஆளிடம் பேசுகிறவர் இல்லை.

"எதுவுமே சேராதா?"

மெக்கானிக் ஆறையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். பழைய பெட்டியில் மிஞ்சினதையும் எடுத்துப் பார்த்தார். ஒரு ஜோடி சேர்ந்தது. எந்தக் கடையில் எப்போது வாங்கினதோ, இரண்டும் ஒரே வண்டியில் இருந்து பிரிந்தவை.

"செகண்ட் கியரு வரும். டாப்பும் ஓடும், ஒடஞ்ச பல்லு சிக்கித்தான் அது நின்னுது, அதுக்கு இந்த ஜோடி எதுவும் வேணாம். பஸ்ட்டு வராது. தேர்டு வராது."

"ரிவர்ஸு?" என்றார் பாய்.

"அந்த தண்டு இந்த சக்கரத்துல இடிக்குது. கழட்டித்தான் ஆவணும்."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"அப்ப வரும்போது பின்னால மட்டும். போம்போது முன்னால மட்டும்."

"நின்னா தள்ளிதான் எடுக்கணும். ஜோடி வாங்கற வரைக்கும் அவசரத்துக்கு ஆவும்."

"போதும்," என்றார் அம்மா. "பூட்டுங்க."

தூளியிலிருந்து கியர்பாக்ஸை இறக்கினார்கள். மூன்று நாள் வேலை. சீட்டு காருக்குத் திரும்பிப் போனது. கண்ணாடி போனது. அம்மா தூளியைச் சீயக்காய் போட்டு ஐந்து தடவை துவைத்தார். எண்ணெய்க் கறை போகவில்லை.

மாசி. காலை. படகுகள் கரைக்கு வருகிற நேரம். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "நைனாவ கூப்புடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கார் ஏரியைப் பார்த்து நின்றது. பின்னால் வராது. சித்தப்பா கரைக்கு ஓடிக் கத்தினார். படகிலிருந்து இறங்கினவர்கள் அப்படியே வந்தார்கள். படகுக்கு மாட்டும் கழிகளை அடியில் கொடுத்து, தோள் கொடுத்து, ஏலேலோ சொல்லி, காரின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பினார்கள். மூக்கு ரோட்டுப் பக்கம் வந்தது. அம்மாவும் சித்தியும் பின் சீட்டில். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. ஊரே தள்ளியது. நைனா செகண்டில் போட்டார். கார் குதித்தது, இருமியது, கிளம்பியது. பாய் டவுனில் கடை வாசலில் நின்றார். நிறுத்த முடியாது. ஓடிவந்து முன் கதவைத் திறந்து என் மேல் உட்கார்ந்தார்.

"நில்லேன்யா!"

"நின்னா நீதான் தள்ளணும் பாய்."

டாப்பில் விழுந்ததும் சத்தம் போய்விட்டது. அப்படி ஒரு ஓட்டம். இரண்டு பக்கமும் நெல் அறுத்த வயல். காற்றில் மீன் எண்ணெய் வாசனை. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்திருந்தார். பிடி இறுகும், விடும், இறுகும். எனக்கு வலித்தது. சொல்லவில்லை.

திருப்பாலைவனத்துக்கு முன்னால் சின்னப் பாலம். எதிரே பொன்னேரி பஸ். பாலத்தில் ஒரு வண்டிதான் போகும். பஸ் ஏறிவிட்டது. நைனா பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. இன்ஜினும் நின்றது.

பஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாய்யா, பின்னால எடு!"

"பின்னால இல்லண்ணா."

"இன்னா இல்ல?"

"ரிவர்ஸ் கியரே இல்ல."

"வெள்ளாட்றியா? ரிவர்ஸ் இல்லாம எவன்டா வண்டி எடுத்துகினு வருவான்?"

நைனா இறங்கினார். பாலத்தில் நடந்து பஸ்ஸுக்குக் கிட்டே போனார். கும்பிடவில்லை, கத்தவில்லை. கையைக் காரின் பக்கம் காட்டினார்.

"பொஞ்சாதிக்கு வலி. போன வாட்டி தோ, அந்த மரத்தாண்ட பூட்ச்சி."

அந்தப் புளியமரம் அங்கிருந்து தெரிந்தது. அது வரைக்கும் நான் கவனிக்கவில்லை. டிரைவரும் திரும்பிப் பார்த்தார். உடனே உள்ளே பார்த்துக் கத்தினார். "கண்டக்டர்! எறங்கி பின்னால பாரு! ரைட் சொல்லு!" அவ்வளவு பெரிய பஸ் பாலத்திலிருந்து பின்னாலேயே போனது.

கார் கிளம்பவில்லை. தள்ள நைனாவும் பாயும்தான். பஸ்ஸிலிருந்து மீன் விற்றுத் திரும்புகிற பெண்கள் இறங்கினார்கள். காலிக் கூடையை ரோட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். ஒருத்தி பசியாவரத்துக்காரி. ஜன்னலில் தலையை விட்டாள்.

"எந்த ஊரு?"

"கோட்டைக்குப்பம்," என்றார் சித்தி.

"எத்தினாவது?"

"மூணாவது."

"இன்னாடி இது, வண்டி கூட மீனு நாத்தம் அடிக்குது. நம்மாளு வண்டிதான்! தள்ளுங்கடி!"

தள்ளினார்கள். கூடவே டிரைவரும் தள்ளினார். நைனா ஓடும் காரில் ஏறினார். செகண்ட் விழுந்தது. பாயால் ஏற முடியவில்லை. பஸ்ஸிலேயே வீடு திரும்பினார். அம்மா புளியமரத்தைக் கடக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நைனா பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார்.

பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரம். நைனா அதைச் சுற்றி வந்து, மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்தினார். மாற்றுப் புடவை எடுக்க டிக்கியைத் திறந்தார். சாம்பல் பூனை உள்ளே உட்கார்ந்திருந்தது. கூட மூன்று குட்டி. இறங்கவும் இல்லை, கத்தவும் இல்லை.

"யாரு மீனு எடுத்தாந்தது?" என்று வாசலில் ஓர் ஆயா கேட்டார்.

"மீனு இல்லம்மா," என்றார் நைனா. "வண்டி."

அம்மா உள்ளே போனார். நைனா மரத்தடியில் நின்றார். உட்காரவில்லை. சட்டைப் பையில் சிகரெட் அட்டை இருந்தது. அதை எடுத்து எடுத்துப் பார்த்தார். மதியத்துக்குள் சித்தி வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நைனாவுக்குத் தெரியவில்லை. சித்தி வாய் திறந்து சொல்கிற வரைக்கும் நின்றார். சொன்னதும் காரின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டார்.

அந்தக் கார் பிறகு ஒரு வருஷம் அந்த இரண்டு கியரில் ஓடியது. ஜோடி வாங்கவே இல்லை. கடைசியில் காயலான் கடைக்குப் போனது. போகும்போது பாய் வந்து கதவில் கை வைத்துவிட்டு, கையை முகர்ந்து பார்த்தார். பின் சீட்டு மட்டும் எங்கள் வீட்டில் தங்கியது. நான் கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும் இருந்தது.

தம்பி இப்போது காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். பின்னால் எடுக்கும்போது வேன் பீங் பீங் என்று கத்துகிறது. நைனா இருந்த வரைக்கும் அந்தச் சத்தத்துக்கு வெளியே வந்து பார்ப்பார்.

அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். பஸ்ஸிலேயே போயிருக்கலாமே, ஏன் பிடிவாதமாகக் கேட்கவில்லை?

"போயிருக்கலாம். உங்க நைனா அந்தக் கொட்டாயில உக்காந்து அழுதாரே, நீ மட்டுந்தான் பாத்தியா?"



வீடு திரும்பின அன்றைக்கு நடந்ததோடு முடிக்கிறேன். அதே கார். எல்லோரும் தள்ளிக் கிளப்பினது. பூனையும் குட்டிகளும் டிக்கியில். ஆஸ்பத்திரியில் எடை எழுதித் தந்த சீட்டை நைனா வியர்வையில் நனைத்துக் கரைத்துவிட்டார். பிள்ளை எடை என்ன என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். சித்தப்பா போய்க் கொக்கித் தராசைக் கொண்டுவந்தார்.

"புள்ளைய நிறுக்கக் கூடாது. கண்ணு படும்," என்றார் அம்மா.

"மூத்தவன நிறுத்தேன்ல? அவனுக்கு இன்னா ஆச்சி? நல்லாத்தான ஓடினான்?"

அம்மா சிரித்துவிட்டார். நைனாவைப் பார்த்தார். "சரி, போடு."

அதே உத்திரம். அதே கொக்கி. தராசை மாட்டி, அதில் தூளியை மாட்டினார் சித்தப்பா. முதலில் வெறும் தூளியை நிறுத்துக் கழித்துக்கொண்டார், இறால் கூடைக்குக் கழிப்பது போல. எண்ணெய்க் கறை இருந்த இடத்தில் அம்மா ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டார். அதையும் கழித்தார். நைனா இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்கி உள்ளே வைத்தார். கையை எடுக்க அவருக்கு நேரம் ஆனது. முள் ஆடியது. எல்லோரும் முள் நிற்கட்டும் என்று பார்த்து நின்றோம். கிராம் கோடுகள் பொடியாக இருந்தன. என்னைப் படிக்கச் சொன்னார்கள்.

இரண்டு கிலோ எழுநூறு.